காரத்தை எடுத்துவிட்டால்

வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு அம்மா கடுகை வறுக்க மாட்டார். ஒரு சிட்டிகை பச்சைக் கடுகைத் தேங்காயோடும் பச்சை மிளகாயோடும் அம்மியில் வைத்து, தண்ணீர் தெளித்து நைத்து எடுப்பார். "தண்ணி பட்டாத்தான்டி கடுகு முழிச்சுக்கும்" என்பார். அந்தப் பச்சடி முதல் வாயிலேயே மூக்கில் ஏறும். அதே அஞ்சறைப் பெட்டிக் கடுகு சாம்பாருக்குத் தாளிக்கும்போது வெடித்துக் குதிக்கும், மணக்கும். ஆனால் காந்தாது. ஒரே கடுகு ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் பதில் இல்லை. அவர் சொன்ன அந்த "முழிச்சுக்கும்" என்ற சொல்தான் பதில் என்று வேளாண் கல்லூரிக்குப் போன பிறகு புரிந்தது.

கடுகுக்குள் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒன்று குளுக்கோசினோலேட். அதில் கந்தகம் உண்டு, காரம் கிடையாது. மற்றது மைரோசினேஸ் என்ற நொதி. விதை நசுங்கி ஈரமும் சேர்ந்தால் இரண்டும் கலக்கும். கலந்ததும் ஐசோதயோசயனேட் என்ற ஆவி பிறக்கும். மூக்கில் ஏறுவது அதுதான். கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கடுகில் நொதி வெந்துவிடுவதால் காரம் பிறக்க வழியில்லை. இந்த ஏற்பாடு விதையில் மட்டுமல்ல, செடியின் இலையிலும் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. ஒரு புழு இலையைக் கடித்தால் அதன் வாயே அம்மியாகிவிடுகிறது. நமக்கு ருசியாக இருப்பதைச் செடி தன் காவலுக்காக வைத்திருக்கிறது.

இந்தக் காரத்தை ஒட்டியும் வெட்டியும்தான் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் போனது. விருதுநகரில் செக்கு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தவிர வேறு எண்ணெயின் வாசனை தெரியாது. 1995-இல் கிழக்கு ராஜஸ்தானில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையின் இனவிருத்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அருகில் பரத்பூருக்கு வெளியே சேவர் என்ற இடத்தில் கடுகுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முதல் நாள் இரவு விடுதியில் சமையல்காரர் கடுகெண்ணெயைப் புகையப் புகையக் காய்ச்சினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினேன். அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பச்சை நெடி போகும்வரை எண்ணெயைப் புகைய விட்டு, அடுப்பைத் தணித்து, பிறகுதான் சீரகம் போடுவார்கள்.

நம் ஊரில் கடுகு அஞ்சறைப் பெட்டியில் ஒரு குழி. அங்கே அது ஒரு பருவம். அக்டோபரில் விதைத்து மார்ச்சுக்குள் அறுக்கிற அந்த ஐந்து மாதமும் பேச்சு, கடன், கல்யாணத் தேதி எல்லாம் கடுகைச் சுற்றியே இருக்கும். ஜனவரியில் ரயில் ஜன்னலில் பார்த்தால் பாதை நெடுகிலும் மஞ்சள். நாட்டின் கடுகு விளைச்சலில் கிட்டத்தட்டப் பாதி ராஜஸ்தானில்தான் கிடைக்கிறது.

ஆனால் 'கடுகு' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது அங்கே பல பயிர்கள். ராயி என்பது நாம் தாளிக்கும் கடுகு. தோரியா, மஞ்சள் சர்சோன், பழுப்பு சர்சோன் ஆகியவை இன்னொரு இனம், டர்னிப்பின் நெருங்கிய சொந்தம். கோபி சர்சோன் மூன்றாவது. உலகம் ரேப்ஸீட் என்று அழைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான். இவற்றின் உறவை 1935-இல் விளக்கியவர் ஊ ஜாங்-சூன், ஜப்பானில் கொரியத் தந்தைக்குப் பிறந்த தாவரவியலாளர். டர்னிப் இனத்தில் 10 ஜோடி குரோமோசோம்கள், முட்டைக்கோஸ் இனத்தில் 9. இரண்டும் என்றோ இயற்கையில் கலந்து பிறந்த ரேப்ஸீட்டில் 19. டர்னிப் இனத்தின் 10 கருங்கடுகின் 8-ஓடு சேர்ந்தபோது பிறந்த நம் கடுகில் 18. அதாவது சாம்பாரில் வெடிக்கும் கடுகும் பொரியலில் வேகும் முட்டைக்கோஸும் பங்காளிகள். இந்தக் கணக்கை முதன்முதலில் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு செடிக்குள் இரண்டு செடிகள் முழுதாகக் குடியிருக்கின்றன என்பதை மனது ஏற்க நேரமாயிற்று.

ரேப்ஸீட்டின் கதையைச் சொல்ல கனடாவுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களின் நீராவி இயந்திரங்களுக்கு ரேப்ஸீட் எண்ணெய் தேவைப்பட்டது. ஈரம் பட்ட உலோகத்தில் மற்ற எண்ணெய்கள் வழுக்கி ஓடும்போது இது ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த எண்ணெய் போரால் நின்றுபோக, கனடாவின் புல்வெளி மாகாணங்களில் விதைத்தார்கள். போர் முடிந்து டீசல் இயந்திரங்கள் வந்ததும் அந்தச் சந்தை சுருங்கியது. நிலமும் இருந்தது, விளைவிக்கவும் தெரிந்திருந்தது, வாங்க ஆளில்லை. சமையலுக்கு விற்கலாம் என்றால் இரண்டு தடைகள். எண்ணெயில் பாதியை ஒட்டி எருசிக் அமிலம் என்ற கொழுப்பு. ஆய்வுக்கூட எலிகளின் இதயத்தில் அது கொழுப்பைப் படிய வைத்ததைக் கண்டு பயந்தார்கள். எண்ணெய் எடுத்த புண்ணாக்கிலோ குளுக்கோசினோலேட். கோழியும் பன்றியும் தின்றால் தைராய்டு வீங்கும்.

சஸ்கட்டூனில் கீத் டௌனி என்ற இனவிருத்தியாளர் முதல் தடையைத் தாண்டிய விதம் எனக்கு இன்றும் கோயில் சிற்பம் பார்ப்பதுபோல இருக்கிறது. ஒரு விதையின் எண்ணெயைச் சோதிக்க வேண்டுமானால் அதை நசுக்க வேண்டும். நசுக்கினால் முளைக்காது. அப்புறம் நல்ல விதை என்று தெரிந்து என்ன பயன்? அவரும் பிரையன் ஹார்வியும் 1963-இல் வெளியிட்ட முறை இது: விதையை ஈரத்தில் வைத்து முளை கண்டதும் அதன் இரண்டு விதையிலைகளில் ஒன்றை மட்டும் கத்தியால் எடுத்து, வாயு குரோமட்டோகிராஃபி கருவியில் எண்ணெயைப் பிரித்துப் பார். மற்ற விதையிலையோடு இருக்கும் முளையை மண்ணில் வை. ஒரு கடுகைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியிடம் கேள்வி கேட்டு, மறுபாதியை வளர்க்கிறார்கள். லிஹோ என்ற ஜெர்மானியத் தீவன ரகத்திலிருந்து எருசிக் இல்லாத செடிகள் கிடைத்தன. பிரோனோவ்ஸ்கி என்ற போலந்து ரகத்தில் குளுக்கோசினோலேட் குறைவாக இருந்தது. இரண்டு குணங்களையும் ஒரே செடியில் சேர்த்து, மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்ஸன் 1974-இல் டவர் என்ற ரகத்தை வெளியிட்டார். 1978-இல் இந்த வகைக்குக் கனோலா என்று பெயர் வைத்தார்கள். சென்னைக் கடைகளில் இன்று அந்தப் பெயரில் விற்கிற எண்ணெய் அப்படி வந்ததுதான்.

வெட்டிப் பார்க்கிற வித்தை எருசிக் அமிலத்துக்கு மட்டுமே பலித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எருசிக் அமிலம் எவ்வளவு என்பதை விதைக்குள் இருக்கும் குழந்தைச் செடியே தீர்மானிக்கிறது. குளுக்கோசினோலேட் அப்படியல்ல. அதைத் தாய்ச் செடிதான் தயாரித்துத் தாய்ப்பால்போல விதைக்குள் அனுப்புகிறது. அதனால் அரை விதையைச் சோதித்தால் அது தாயின் குணத்தைச் சொல்லுமே தவிர, பிள்ளையின் குணத்தைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்த ஒரு வேலைப்பிழையால் என் மூன்று ஆண்டு உழைப்பு வீணானது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தியாவில் எங்கள் வேலை கனோலாவைக் கொண்டுவந்து நடுவது அல்ல. ரேப்ஸீட் குளிரும் நீண்ட பருவமும் கேட்கும். மழை நின்ற மண்ணில் மிஞ்சிய ஈரத்தை வைத்தே ஒப்பேற்றிவிடும் பயிர் நம் ராயிக் கடுகு. ஆகவே இதே குணங்களை ராயிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. கடுகுப் பூவில் நான்கு இதழ்கள், ஆறு மகரந்தக் கம்பிகள். கம்பிகளில் நான்கு நீளம், இரண்டு குட்டை. நாளைக் காலை விரியப்போகிற மொட்டை இன்றே தேர்ந்தெடுத்து, நுனி ஊசிபோன்ற இடுக்கியால் இதழை விலக்கி, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். சூல்முடியில் கீறல் விழுந்தால் அந்த மொட்டு போயிற்று. பிறகு பட்டர் பேப்பர் பை மாட்டி, மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பனியில் விரல் மரத்துவிடும். பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலிக்கு வந்த பெண்கள் இதில் எங்களையெல்லாம் மிஞ்சிவிடுவார்கள். நாங்கள் நாற்பது மொட்டு முடிப்பதற்குள் அவர்கள் நூறு முடிப்பார்கள், கீறலும் குறைவாக இருக்கும். ஒரு ரகம் வெளியாக பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். வெளியாகும்போது அறிக்கையில் எங்கள் பெயர்கள் இருக்கும், அவர்கள் பெயர் இருக்காது. அது நியாயமில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

இந்த வேலை என்னைத் தமிழ்நாட்டுக்கும் கூட்டிவந்தது. நீலகிரியில் வெலிங்டனில் கடுகு விளைவிப்பார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வட இந்தியாவில் கோடை கொளுத்தும்போது விதைகளை மலைக்குக் கொண்டுபோய் இன்னொரு தலைமுறை எடுத்துவிடலாம். ஓராண்டில் இரண்டு தலைமுறை கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மூடுபனியும் சாரலும் ஓயாததால் வெண்துரு நோய் தவறாமல் வரும். இலையின் அடியில் வெள்ளைப் பொட்டுகளாகத் தொடங்கி, பூங்கொத்தையே மான்கொம்புபோல முறுக்கி வீங்க வைக்கிற நோய் அது. சமவெளியில் ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது. வராத வருஷத்தில் எந்தச் செடிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அங்கே களையெடுக்க வந்த ஓர் அக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், நோவு வரட்டும்னு யாராச்சும் வெதைப்பாங்களா?"

"நோவு வந்தும் சாகாத செடி வேணுங்க்கா. அதைத் தேடித்தான் வந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வரிசைகளுக்கிடையே போகும்போதெல்லாம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொட்டு இல்லாத செடியைக் கண்டால் கூப்பிட்டுக் காட்டுவார்.

நோயைவிடப் பெரிய தலைவலி அசுவினி. அங்கே அதை மாஹு என்கிறார்கள். டிசம்பர் கடைசியில் வானம் மூடி இரண்டு நாள் மேகமாக நின்றால் விவசாயிகளின் முகம் மாறிவிடும். பூங்கொத்தின் நுனியில் பச்சைப் புள்ளியாகப் பத்து இருக்கும். பத்து நாளில் தண்டே தெரியாமல் மொய்த்துவிடும். குட்டி போட்டே பெருகும் பூச்சி அது, முட்டைக்காகவோ ஆணுக்காகவோ காத்திருக்காது. தப்பிக்க நல்ல வழி சீக்கிரம் விதைப்பது. அக்டோபர் முதல் பாதியில் விதைத்துவிட்டால் அசுவினி வருவதற்குள் காய் பிடித்துவிடும். ஆனால் அவசரப்பட்டு வெயில் தணியாத மண்ணில் விதைத்தால், இரண்டு இலை நாற்றைப் புள்ளிபோட்ட நாவாய்ப்பூச்சி ஒன்று உறிஞ்சிக் காயவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சில நாட்களைக் கணிப்பதுதான் கடுகு விவசாயியின் சாமர்த்தியம். நுனியில் அசுவினி தென்பட்ட கொத்துகளை ஆரம்பத்திலேயே ஒடித்து அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் சாயங்காலம் அடிக்க வேண்டும். பகலில் வயல் முழுவதும் தேனீக்கள். அந்தப் பருவத்தில் தேன்பெட்டிக்காரர்கள் லாரி லாரியாகப் பெட்டிகளைக் கொண்டுவந்து வரப்பில் அடுக்குவார்கள்.

மண்ணுக்கு அடியில் இன்னொரு எதிரி. மர்கோஜா என்பார்கள். பச்சையே இல்லாத, வெளிறிய, காளான்போன்ற தண்டு கடுகுச் செடியின் காலடியில் திடீரென்று எழும். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை விளைவிப்பவர்களுக்கு இதன் சொந்தத்தைத் தெரியும், புகையிலைக் காளான் என்பார்கள். தூசிபோன்ற அதன் விதை மண்ணில் பத்தாண்டுக்கும் மேல் உறங்கும். கடுகின் வேர் கசியவிடும் வாசனை எட்டினால் மட்டும் முளைத்து, வேரில் வாயை வைத்துக் குடிக்கும். பிரான்சில் ரேப்ஸீட் வயல்களில் இதன் சொந்தக்காரன் ஒருவனை எழுப்புவது எது என்று ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை ஐசோதயோசயனேட். செடியின் அதே காரம்.

இந்தச் செய்தி எனக்குள் வெகுநாள் கிடந்தது. அம்மியில் விழித்துக்கொள்ளும் அந்தக் காரம், பொதுவான பூச்சிகளைத் துரத்துகிறது. ஆனால் கடுகுக் குடும்பத்தையே நம்பி வாழும் பூச்சிகளுக்கு அதுவே வழிகாட்டி. முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி அந்த நெடியை முகர்ந்துதான் முட்டையிட இடம் தேர்கிறது. முட்டைக்கோஸ் அசுவினி செடியின் குளுக்கோசினோலேட்டை உறிஞ்சித் தன் உடம்பில் சேமித்து, தன் சொந்த நொதியையும் வைத்திருக்கிறது. பொறிவண்டு அதைக் கடித்தால் செடியைக் கடித்த புழுவுக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும். திருடன் வீட்டுக்காரரின் துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு போனதுபோல.

அப்படியானால் காரத்தை எடுத்துவிடலாமா? புண்ணாக்குக்காக எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எருமைக்குக் கடுகுப் புண்ணாக்கு பழக்கம்தான், கோழிக்கு ஆகாது. எடுப்பதை நான் எதிர்த்தேன், கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன். விதையில் குறைப்பதற்காகத் தேர்ந்தெடுக்கிற செடிகளில் இலையிலும் காரம் குறைந்துவிடும் அபாயம் உண்டு. அப்புறம் வழிப்போக்கன் பூச்சியெல்லாம் விருந்துக்கு வரும். டெல்லியில் தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த வேலை எனக்கு ஆறுதல் தந்தது. தாய்ச் செடி குளுக்கோசினோலேட்டை விதைக்குள் கடத்துகிறது என்றேன் அல்லவா? அந்தக் கடத்தும் மரபணுக்களை மட்டும் திருத்தி, இலையில் காரம் இருக்க, விதையில் குறையும்படி செய்திருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு தாயை விட்டுவைத்தார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைத்தேன்.

ஆனாலும் அந்த விதையின் எண்ணெய் மூக்கில் ஏறாது. அதை வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பரத்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் அடிக்கடி போன வீட்டில்தான் பதில் கிடைக்கும். அந்த வீட்டு அம்மாவை நான் மாஜி என்பேன், அவர் என்னைப் பேட்டி, அதாவது மகளே என்பார். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் எருசிக் குறைந்த ராயி ரகம் ஒன்றை அவரிடம் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி விளைச்சலைப் பற்றியதல்ல.

"நெடி இருக்குமா பேட்டி?"

"இருக்கும் மாஜி. கொழுப்புதான் மாறியிருக்கு. நெடி அப்படியே இருக்கு."

"அப்ப சரி. நெடி இல்லாத எண்ணெயை எருமைகூட முகராது."

இரண்டு பாத்தி விதைத்தார். அறுவடையானதும் மாதிரி எடுத்துச் சோதித்தேன். எருசிக் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தாண்டியிருந்தது. அவர் சேமித்த விதையை மறுவருஷம் விதைத்தபோது இன்னும் ஏறியது. ரகத்தில் குற்றமில்லை. சுற்றிலும் பழைய ரகம், நடுவில் இரண்டு பாத்தி. கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும் தேனீ ஒரு பங்கை அக்கம்பக்கத்திலிருந்து கொண்டுவந்துவிடும். எருசிக் அமிலத்தைக் குழந்தைச் செடிதான் தீர்மானிக்கிறது என்பதால், பக்கத்து வயல் மகரந்தம் விழுந்த அந்த விதையிலேயே, அந்த ஆண்டிலேயே, குணம் மாறிவிடுகிறது. காகிதத்தில் படித்ததை அவருடைய களத்துமேட்டில் நின்று அவருக்கு விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவருடைய இரண்டு பருவம் போயிருந்தது.

"தேனீயை வராதேன்னு சொல்ல முடியுமா பேட்டி?" என்று கேட்டார். பெட்டிக்காரர் தரும் தேனும் அவருக்கு வேண்டும், தேனீ வந்தால் காயும் நிறையப் பிடிக்கும்.

"முடியாது மாஜி. பக்கத்து வயல்காரங்களும் இதையே போட்டாத்தான்."

அவர் பேசி முடிக்க ஓர் ஆண்டு ஆனது. மைத்துனர், எதிர்வீட்டுக்காரர், குத்தகைக்கு உழுத ஒருவர் என்று மூன்று பேரைச் சேர்த்து, அக்டோபரில் பதினொரு பீகா நிலத்தில் ஒரே தொகுப்பாக அந்த ரகத்தை விதைத்தார்கள். மார்ச்சில் நடுத்துண்டு விதையில் எருசிக் இரண்டுக்குள் இருந்தது. ஓரத்துத் துண்டுகளில் மூன்றைத் தாண்டியது. ஓரத்தைத் தனியாக அறுத்து மண்டிக்கு அனுப்பிவிட்டு, நடுத்துண்டை வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் பேரன் பார்சலில் ஒரு டின் அனுப்புகிறான். நடுத்துண்டு எண்ணெய், ஊர்ச் செக்கில் ஆட்டியது. விருதுநகரில் அம்மா இல்லை, அம்மி இருக்கிறது. மாங்காய் ஊறுகாய்க்காக டின்னின் மூடியைத் திறந்தால் இப்போதும் கண் கரிக்கிறது.